நாலு கோடு சிக்னல், நகராத நெட்

நெட் ஏன் ஒரு நேரம் பறக்கிறது, ஒரு நேரம் படுத்துவிடுகிறது என்று கேட்டு வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். ஒரே கேள்வியைப் பல ஊர்க்காரர்கள் கேட்டிருந்தால் ஒரு ஊரின் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 40 எம்.பி.பி.எஸ். பிளானிலிருந்து 200-க்கு மாறினேன். பணம் கூடுதலாகப் போகிறதே தவிர, நான் தினமும் பார்க்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பக்கம் திறக்க அதே நேரம்தான் ஆகிறது. ஏமாற்றுகிறார்களா? (திண்டுக்கல்)

ஏமாற்றவில்லை. நீங்கள் வாங்கியது அகலம். குறைய வேண்டியது தாமதம். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பக்கம் 100 கே.பி., சர்வர் நியூயார்க்கில், ஒரு பொட்டலம் போய்த் திரும்ப 250 மில்லிநொடி என்று வையுங்கள். முதல் நடை, ‘இருக்கீங்களா?’ ‘இருக்கேன்’ என்ற விசாரிப்புக்கு. இரண்டாம் நடை, பூட்டுச் சாவி மாற்றிக்கொள்ள. மூன்றாம் நடையில்தான் பக்கத்தையே கேட்கிறோம். சர்வர் முதல் தவணையாகப் பத்துப் பொட்டலம் அனுப்பும், ஏறக்குறைய 14 கே.பி. அவை வந்து சேர்ந்ததற்கு உங்கள் கணினியிலிருந்து ரசீது போனால் அடுத்து இருபது. அதற்கும் ரசீது போனால் நாற்பது. ஆக மொத்தம் ஐந்து நடை, ஒன்றேகால் நொடி.

அந்த 100 கே.பி. உங்கள் வீட்டுக் கம்பிக்குள் நுழைய 40 எம்.பி.பி.எஸ். பிளானில் 20 மில்லிநொடி ஆகும், 200-இல் 4 ஆகும். கூடுதல் பணத்துக்கு மிச்சமானது 16 மில்லிநொடி. பெரிய பெரிய ஃபைலாக இறக்குகிற வீட்டுக்கும், ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் படம் பார்க்கும் வீட்டுக்கும் 200 பிளான் உதவும். உங்கள் பக்கத்துக்கு உதவாது.

கேள்வி: அந்த 250 மில்லிநொடியைக் குறைக்க யாரைப் பிடிக்க வேண்டும்? (ஆம்பூர்)

ஒளியைப் பிடிக்க வேண்டும். கண்ணாடி இழைக்குள் அது நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். சென்னையிலிருந்து நியூயார்க் நேர்கோட்டிலேயே ஏறக்குறைய 13,500 கி.மீ. போய்வர 135 மில்லிநொடி. இழை வழியே அதற்குக் கீழே யாராலும் இறங்க முடியாது. கேபிள் கடலடியில் சுற்றிக்கொண்டு போவதும், நடுவில் பல ரவுட்டர்களில் ஏறி இறங்குவதும் மீதி நேரம். அதனால்தான் பெரிய நிறுவனங்கள் தங்கள் வீடியோக்களின் நகலைச் சென்னையிலும் மும்பையிலும் வைத்துக்கொள்கின்றன. தூரத்தை விரட்ட முடியாது, சர்வரை நகர்த்தலாம்.

கேள்வி: அந்தமானில் இருபது வருடமாக இருக்கிறோம். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு நெட் வேறு மாதிரி ஆகிவிட்டது. ‘ஸ்பீடு கூட்டிட்டாங்க’ என்கிறார்கள். அவ்வளவுதானா? (ஸ்ரீ விஜயபுரம்)

அவ்வளவு மட்டும் இல்லை. 2020 ஆகஸ்டில் அந்தக் கேபிள் திறக்கப்படும்வரை உங்கள் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோள் இருப்பது 35,786 கி.மீ. உயரத்தில். தீவிலிருந்து மேலே ஏறி, சென்னைப் பக்கம் இறங்கி, பதில் அதே வழியில் திரும்ப வேண்டும். நான்கு முறை அந்த உயரத்தைக் கடந்தால் ஏறக்குறைய அரை நொடி. கேபிளில் சென்னைக்கு நேர்கோட்டுத் தூரம் 1,400 கி.மீ.க்குள். போய்வர 15 மில்லிநொடியை ஒட்டி. முப்பதில் ஒரு பங்காகிவிட்டது.

இதன் விளைவு பக்கம் திறப்பதோடு நிற்காது. முன்பு சொன்ன ரசீது முறைக்கு டி.சி.பி. என்று பெயர். அது ரசீது இல்லாமல் கடன் கொடுக்கும், ஆனால் ஓர் அளவு வரைதான். பழைய டி.சி.பி.யில் அந்த அளவு 65,535 பைட். அரை நொடிக்கு ஒருமுறைதான் ரசீது வரும் என்றால், எவ்வளவு அகலமான இணைப்பாக இருந்தாலும் ஓர் உரையாடலுக்கு 1 எம்.பி.பி.எஸ்.க்கு மேல் கிடைக்காது. அதே அளவு, 20 மில்லிநொடி இணைப்பில் 26 எம்.பி.பி.எஸ். கொடுக்கும். 1992-இல் இந்த அளவைப் பெருக்கிக்கொள்ள விதி வந்தது. ஆனாலும் தவணையைப் பத்து, இருபது, நாற்பது என்று கூட்டிப் போகும் வேலைக்கு ஒவ்வொரு படியிலும் அரை நொடி காத்திருந்தே ஆக வேண்டும்.

செயற்கைக்கோள் நிறுவனங்கள் இதற்கு ஓர் உபாயம் வைத்திருந்தன. தரையிலிருக்கும் கருவியே, பொட்டலம் இன்னும் வானத்தில் இருக்கும்போதே, ‘வந்து சேர்ந்தது’ என்று பதிலிக் கையெழுத்துப் போட்டு ரசீது கொடுத்துவிடும். அனுப்புகிறவர் நம்பி அடுத்த தவணையை அனுப்புவார்.

கேள்வி: என் கணினியால் வேகமாக அனுப்ப முடியும்போது, டி.சி.பி. ஏன் தானாகவே கையைக் கட்டிக்கொள்கிறது? (ஓசூர், ஒரு மென்பொருள் பணியாளர்)

கட்டிக்கொள்ளாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. 1986 அக்டோபர். கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே 400 கஜம். நடந்தே போய்விடலாம். அவற்றுக்கிடையே நொடிக்கு 32,000 பிட் ஓடிக்கொண்டிருந்த இணைப்பு திடீரென்று 40 பிட்டுக்கு விழுந்தது. நொடிக்கு ஐந்து எழுத்து! கம்பி அறுபடவில்லை, இயந்திரம் எதுவும் பழுதாகவில்லை. கம்பி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, ஆனால் போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய எதுவும் இல்லை.

என்ன நடந்தது என்றால், நடுவில் இருந்த ரவுட்டரில் வரிசை நீண்டது. ரசீது தாமதமானது. அனுப்பியவர்கள் பொட்டலம் தொலைந்துவிட்டது என்று நினைத்து அதையே மறுபடி அனுப்பினார்கள். மூலப் பொட்டலம் இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருந்தது, அதன் பின்னால் அதன் நகல், நகலின் பின்னால் இன்னொரு நகல். ஒவ்வொருவரும் தன் வேலை நடக்கவில்லையே என்று இன்னும் அழுத்த, எல்லோருடைய வேலையும் நின்றது. இப்படி ஒன்று வரும் என்று ஜான் நேகிள் 1984-லேயே எச்சரித்திருந்தார்.

லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சனும், பெர்க்லி யுனிக்ஸ் குழுவின் மைக்கேல் கேரல்ஸும் உட்கார்ந்து விடை கண்டார்கள். 1988-இல் கட்டுரையாக வந்தது. கேட்டால் எளிமையாக இருக்கும்: மெதுவாகத் தொடங்கு, ரசீது வர வரக் கூட்டு, பொட்டலம் தொலைந்தால் சட்டென்று குறை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி ஏறு. நடுவிலிருந்த எந்த ரவுட்டரையும் அவர்கள் தொடவில்லை. முனையிலிருக்கும் கணினிகளின் டி.சி.பி.யை மட்டும் திருத்தினார்கள். உங்கள் கணினிக்கு வழியில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. ரசீது எப்போது வந்தது, வராமல் போனது எது, இவை இரண்டை வைத்துத்தான் அது வழியைத் தடவிப் பார்க்கிறது. முகம் தெரியாத கோடிக்கணக்கான கணினிகள், யாரும் கட்டாயப்படுத்தாமல், அடுத்தவருக்கும் இடம் விட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. அதனால்தான் இன்று இரவு உங்களுக்கும் எனக்கும் நெட் இருக்கிறது. இந்தத் துறையில் என் மனத்துக்கு மிக நெருக்கமான விஷயம் இதுதான்.

கேள்வி: உலகத்திலேயே மோசமான பிங் எது? (நாகர்கோவில்)

பிங் என்பது ஒரு பொட்டலம் போய்த் திரும்பும் நேரத்தைப் பார்க்கும் சோதனை. மோசமானது நடந்தது நார்வே நாட்டின் பெர்கன் நகரில், 2001-இல். இணையப் பொட்டலங்களைப் புறாவின் காலில் கட்டி அனுப்பலாம் என்று 1990 ஏப்ரல் முதல் தேதி விளையாட்டாக ஒரு விதிமுறை வெளியானது. பெர்கன் லினக்ஸ் ஆர்வலர்கள் அதை உண்மையாகவே செய்து பார்த்தார்கள். அனுப்பிய பிங் 9, திரும்பிய பதில் 4. விரைவாக வந்த பதிலுக்கு 53 நிமிடம் ஆயிற்று, தாமதமான பதிலுக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம்.

கேள்வி: ரயிலில் நாலு கோடு சிக்னல் காட்டுகிறது. நெட் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கிறது. கோடு பொய் சொல்கிறதா? (தென்காசி)

கோடு சொல்வது ஒன்றுதான்: டவரின் குரல் உங்கள் போனுக்குக் காதில் விழுகிறது. அந்த டவரோடு எத்தனை பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று கோடு சொல்லாது. நூற்றுக்கணக்கான போன்களோடு ஒரு ரயில் மொத்தமும் ஒரு டவரிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிற நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பொட்டலம் தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொள்ளும்படி 1988-இல் டி.சி.பி.க்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம். கம்பியில் அது பெரும்பாலும் சரி. காற்றில் அப்படியில்லை. பாலமும் மலையும் சிக்னலை மறைத்தாலே பொட்டலம் தொலையும், வழியில் ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும். டி.சி.பி. பாவம், அப்போதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எவ்வளவு குறையும் என்பதற்கு 1997-இல் மாத்யூ மாதிஸும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். பழைய வகை டி.சி.பி., போய்வரும் நேரம் 100 மில்லிநொடி, நூற்றில் ஒரு பொட்டலம் தொலைகிறது என்றால் கிடைப்பது ஏறக்குறைய 1.4 எம்.பி.பி.எஸ்.தான், பிளான் 1,000 ஆக இருந்தாலும். இழப்பு பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைந்தால் 14. இழப்பு அதே ஒரு சதவீதமாக இருந்து, போய்வரும் நேரம் 20 மில்லிநொடியாகக் குறைந்தால் 7. தூரமும் இழப்பும் ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டு அடிக்கும் அடி இது.

இதற்காகவே மொபைல் டவரும் வைஃபையும் தொலைந்ததைத் தங்களுக்குள்ளேயே திரும்ப அனுப்பிச் சரிசெய்துவிடுகின்றன. டி.சி.பி.க்கு இழப்பு தெரியாது. ஆனால் ஒரு பொட்டலம் 30 மில்லிநொடியில் வரும், அடுத்தது 200-இல் வரும். ரயிலில் நீங்கள் பார்க்கும் விட்டு விட்டு வருகிற நெட் அதுதான்.

கேள்வி: டி.சி.பி.யா, யு.டி.பி.யா? எது உசத்தி? (மன்னார்குடி)

பத்திரப்பதிவு ஆவணத்தை டி.சி.பி.யில் அனுப்புங்கள். கிரிக்கெட் வர்ணனையை யு.டி.பி.யில் சொல்லுங்கள். முந்தைய பந்து காதில் விழவில்லை என்றால் அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லி யாரும் ஆட்டத்தை நிறுத்துவதில்லை. யு.டி.பி.யின் விதிமுறை 1980-இல் மூன்றே பக்கத்தில் எழுதப்பட்டது. தலைப்புச் சீட்டு 8 பைட். ரசீது இல்லை, வரிசை இல்லை, வேகக் கட்டுப்பாடும் இல்லை. அந்தப் பொறுப்பெல்லாம் அதன் மேல் ஆப் எழுதுகிறவருடையது.

கேள்வி: அண்ணன் எதையாவது அப்லோடு போட்டால் உடனே என் கேம் லேக் ஆகிறது. நான் விளையாடுவது டவுன்லோடு பக்கம்தானே? அவன் இல்லை என்று சாதிக்கிறான். (ஈரோடு, ஒன்பதாம் வகுப்பு)

அண்ணனின் அப்லோடுதான் காரணம் என்று நீ சொல்வது சரி தம்பி. எங்கள் வீட்டிலேயே இதை நான் நேரில் பார்த்தேன். மகளுக்கு ஆன்லைனில் நேர்முகத் தேர்வு. தொடங்கிய இரண்டாவது நிமிடம் எதிர்முனைக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. நான் பக்கத்து அறையில் மடிக்கணினியில் பிங் போட்டேன். வழக்கமாக 18 காட்டுவது 860, 910, 885 என்று ஓடியது. ஸ்பீடு டெஸ்டில் குறை இல்லை. வீட்டுக்குள் தேடினால், வைஃபை கிடைத்ததும் என் போன் ஓர் உறவினர் கல்யாண வீடியோவைத் தானாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. போனில் வைஃபையை அணைத்தேன். திரையில் அடுத்த வரியே 18. மகள் குரல் தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது.

ஏன் இப்படி? நினைவகம் மலிவானதும் மோடம் செய்கிறவர்கள் பெரிய பெரிய பஃபர் வைத்தார்கள். ஒரு பொட்டலம்கூடத் தொலையக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். 512 கே.பி. பஃபர், அப்லோடு 5 எம்.பி.பி.எஸ். என்று வை. அது நிரம்பினால் காலியாக 0.8 நொடிக்கு மேல் ஆகும். உன் கேமில் நீ அழுத்தும் ஒவ்வொரு பொத்தானும் அப்லோடுதான். அது அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. டவுன்லோடுக்கான ரசீதுகளும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். டி.சி.பி.யோ பொட்டலம் தொலைந்தால்தான் அடங்கும். பஃபர் எதையும் தொலைக்காமல் விழுங்கிக்கொண்டே இருப்பதால், நெரிசல் என்ற சேதியே அதற்குப் போய்ச் சேருவதில்லை.

ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010-இல் தன் வீட்டு இணைப்பில் இதைக் கண்டு ‘பஃபர்புளோட்’ என்று பெயரோடு ஊருக்குச் சொன்னார். பஃபர் ஊதிப்போன நோய். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் ‘கோடெல்’ என்ற மருந்து கொடுத்தார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு பொட்டலமும் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கும். காத்திருப்பு தொடர்ந்து அதிகமாக இருந்தால் ஒன்றிரண்டைத் தள்ளிவிட்டு டி.சி.பி.யை எழுப்பிவிடும்.

உன் வீட்டு ரவுட்டரில் ‘எஸ்.க்யூ.எம்.’ என்றோ ‘எஃப்.க்யூ. கோடெல்’ என்றோ ஒரு வசதி இருந்தால் போடச் சொல். அப்லோடு அளவை உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வைக்க வேண்டும். அப்போதுதான் வரிசை மோடத்தில் சேராமல், கோடெல் இருக்கிற இடத்தில் சேரும். இல்லையென்றால் அண்ணனிடம் அப்லோடைத் தூங்கப் போகும்போது போடச் சொல். முதலில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பிங்கைத் திறந்து காட்டு.

கேள்வி: மளிகைக்கடையில் யு.பி.ஐ. சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிட்டது. கடைக்காரர் வரவில்லை என்றார், மறுபடி அனுப்பினேன். இரண்டு முறை பணம் போய்விட்டது. டி.சி.பி. நம்பகமானது என்கிறீர்களே! (கடலூர்)

உங்கள் வருத்தம் நியாயமானது. டி.சி.பி. கொடுக்கும் உறுதி, இணைப்பு உயிரோடு இருக்கும்வரை: பொட்டலங்களுக்கு எண் போட்டு, வரிசை மாறாமல், ஒன்றே இரண்டு முறை வந்தால் ஒன்றைத் தள்ளிவிட்டுச் சேர்க்கும். இணைப்பே நடுவில் அறுந்தால், கடைசியாகச் சொன்னது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்து பதில் மட்டும் தொலைந்ததா என்று அதனால் சொல்ல முடியாது. கேட்டவருக்கு இரண்டும் ஒரே மௌனம்தான். அதனால்தான் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஆப் தனி எண் வைத்திருக்கிறது. நீங்கள் புதிதாக அனுப்பும்போது புது எண் பிறக்கிறது. வங்கிக்கு அது வேறொரு வியாபாரம். சுற்றி நின்றால் ஆப்பின் வரலாற்றுப் பக்கத்தில் நிலையைப் பாருங்கள். ‘நிலுவை’ என்று இருக்கும்வரை மறுபடி அனுப்பாதீர்கள்.

கேள்வி: வாசலைத் தாண்டி வைஃபை போய் மொபைல் டேட்டா வரும்போது சில ஆப் தொடர்ந்து ஓடுகிறது, சில ஆப் செத்து எழுகிறது. ஏன் இந்தப் பாகுபாடு? (திருப்பூர்)

டி.சி.பி.க்கு நீங்கள் யார் என்பது உங்கள் முகவரிதான். வாசல் தாண்டியதும் முகவரி மாறுகிறது; அதனால் நீங்கள் வேறு ஆள், முதலிலிருந்து விசாரிப்பு. ‘குவிக்’ என்ற புதிய முறை ஒவ்வோர் உரையாடலுக்கும் ஓர் அடையாள எண் கொடுக்கிறது. எண் சரியாக இருந்தால் எந்த முகவரியிலிருந்து வந்தாலும் விட்ட இடத்தில் தொடரலாம். கூகுள் தொடங்கிய இது 2021 மே மாதம் பொது விதிமுறையானது. யு.டி.பி. மேல் ஏறி ஓடுகிறது. விசாரிப்பையும் சாவி மாற்றத்தையும் ஒரே நடையில் முடிக்கும். ஒரு படத்தின் பொட்டலம் தொலைந்தால் மற்றப் படங்களை நிறுத்தி வைக்காது.

இழப்பும் தாமதமும் அதிகமான மொபைலில் இதன் பலன் நன்றாகத் தெரியும். நல்ல ஃபைபர் இணைப்பில் பெரிதாகத் தெரியாது. அதிவேகத்தில் கணினிக்கு வேலைப்பளு டி.சி.பி.யைவிடக் கூடுவதும் உண்டு. சில அலுவலக ஃபயர்வால்கள் இதைத் தடுத்துவிடும், அப்போது ஆப் சத்தமில்லாமல் டி.சி.பி.க்குத் திரும்பிக்கொள்ளும். செயற்கைக்கோள்காரர்களின் பதிலிக் கையெழுத்தும் இதனிடம் செல்லாது, ரசீது முதற்கொண்டு எல்லாமே பூட்டிய உறைக்குள் போகிறது.

கேள்வி: கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு கியூபிக், பி.பி.ஆர். இரண்டையும் ஒப்பிடுகிறேன். என்ன கவனிக்க வேண்டும்? (கோவில்பட்டி, இறுதியாண்டு மாணவி)

நல்ல தலைப்பு. கியூபிக் 2006 முதல் லினக்ஸில் டி.சி.பி.யின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இயல்பு முறை, பொட்டலம் தொலைந்தால் குறையும். பி.பி.ஆர். 2016-இல் கூகுள் வெளியிட்டது, வழியின் அகலத்தையும் குறைந்தபட்ச நேரத்தையும் அளந்து வேகத்தை முடிவு செய்யும். லினக்ஸின் ‘நெட்எம்’ வைத்துத் தாமதமும் இழப்பும் உண்டாக்குவாய். அதை அனுப்பும் கணினியிலேயே போடாதே, நடுவில் மூன்றாவதாக ஒரு கணினி வைத்துப் போடு. அனுப்பும் கணினியில் போட்டால் டி.சி.பி.யின் உள்வரிசையோடு கலந்து அளவு கோணலாகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. வேகத்தோடு போய்வரும் நேரத்தையும் குறித்துக்கொள், அதில்லாத வரைபடம் பாதிக் கதைதான். பஃபர் அளவைக் கட்டாயம் மாற்றிப் பார். பி.பி.ஆர். முதல் பதிப்பும் கியூபிக்கும் சிறிய பஃபரில் ஒன்றாக ஓடினால் கியூபிக் பட்டினி கிடக்கும். ஒன்றை மட்டும் தனியாக ஓட்டி ‘இது வேகமானது’ என்று எழுதினால் அது தெரியாமலே போய்விடும்.

கேள்வி: மகன் சிகாகோவில். வீடியோ காலில் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிக்கிறோம், ஒரே நேரத்தில் ‘நீ சொல்லு’ என்று நிறுத்துகிறோம். சினிமா மட்டும் துல்லியமாக ஓடுகிறது. கோளாறு போனிலா? (காரைக்குடி, ஒரு தாய்)

போனில் கோளாறு இல்லை அம்மா. சினிமா உங்களுக்குத் தெரியாமல் முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்கிறது. வழியில் தடங்கல் வந்தாலும் கையிருப்பிலிருந்து ஓடும். மகன் இன்னும் பேசாததை யார் இறக்கி வைக்க முடியும்? பேச்சு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உறுத்தாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். சிகாகோ தூரமும், நடுவழி வரிசைகளும், உங்கள் வைஃபையும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடுகிறது. நீங்கள் பேசி முடித்தது அவருக்குக் கேட்டு, அவர் வாய் திறந்தது உங்களுக்குக் கேட்பதற்குள், பதில் இல்லையே என்று நீங்கள் அடுத்த பேச்சைத் தொடங்கிவிடுகிறீர்கள். அவருக்கும் அப்படியே.

பேசும்போது ரவுட்டர் இருக்கும் அறையில் உட்காருங்கள். பேச்சு உடைந்தால் முதலில் வீடியோவை நிறுத்திப் பாருங்கள், குரலுக்குத் தேவைப்படும் இடம் மிகக் குறைவு. பேசி முடித்ததும் ‘சொல்லுப்பா’ என்று முடித்துவிட்டு, மனத்துக்குள் ஒன்று, இரண்டு எண்ணுங்கள். மகனிடமும் ‘சொல்லும்மா’ என்று முடிக்கச் சொல்லி வையுங்கள்.